அதிகமாகப் புகழ்ந்தால் பாடகன் கெட்டுவிடுவானா? ஒரு மைக் செட்காரரின் பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தங்கை மகனுக்கு வயது 19. நல்ல குரல், கானா பாடுகிறான். அவன் பாடிய ஒரு பாட்டு போன வருஷம் எல்லார் போனிலும் சுற்றியது. அதிலிருந்து பேனர், பொன்னாடை, பட்டம் என்று ஒரே அமர்க்களம். இப்போது வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் எரிந்து விழுகிறான். டோலக் கற்றுக்கொடுத்த வாத்தியார் வீட்டுப் பக்கமே போவதில்லை. "ஓவரா புகழ்ந்துதான் புள்ளைய கெடுத்துட்டாங்களா? நாங்க பாராட்டாம இருந்தா அடங்குவானா?" என்கிறார்.

அக்கா, நான் தண்டையார்பேட்டைப் பக்கம் மைக் செட் போடுகிறவன். கோயில் திருவிழா, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு வீடு என்று எல்லா இடத்துக்கும் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அதனால் பாடுகிறவர்களை நான் பார்ப்பது எதிரில் நின்று இல்லை, பக்கவாட்டில் நின்று. மேடை ஏறுவதற்கு முன்னாலும் பார்ப்பேன், இறங்கின பிறகும் பார்ப்பேன். பாட்டு, நாடகம் பற்றிக் கையில் கிடைப்பதைப் படிக்கிற பழக்கமும் உண்டு. இந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

நேரான பதில் இதுதான்: நீங்கள் பாராட்டை நிறுத்தினால் அவன் அடங்க மாட்டான். பாராட்டு வந்த அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. அவனிடம் குறை சொல்ல உரிமையுள்ள ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள், அல்லது கழற்றிவிடப்பட்டார்கள். இரண்டும் சேர்ந்தே நடப்பதால் பழி முழுக்கப் பாராட்டின் மேல் விழுகிறது.

தலைக்கு ஏறிய பாடகனை முதலில் கண்டுபிடிப்பது மைக் செட்காரன்தான். சவுண்ட் செக்குக்கு வரமாட்டான். "அண்ணன் நேரா ஸ்டேஜுக்கு வந்துடுவாரு" என்று கூட இருக்கிற பையன் வந்து சொல்வான். வந்ததும் எக்கோவை ஏற்றச் சொல்வான். எக்கோ ஏறினால் குரல் பெரிதாகத் தெரியும், சுருதி கொஞ்சம் விலகினாலும் மறைந்துபோகும், ஆனால் வார்த்தை குழைந்துவிடும். கானாவில் வார்த்தை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அப்புறம் மானிட்டர். மானிட்டர் என்பது பாடுகிறவன் காலடியில் அவனைப் பார்த்து வைக்கிற பாக்ஸ். தன் குரலும் வாத்தியங்களும் அவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வைப்பது. இவன் டோலக்கைக் குறை, கீபோர்டைக் குறை, என் குரலை ஏற்று என்பான். ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மைக்கே அந்தச் சத்தத்தை மறுபடி வாங்கிக் கீச்சென்று கத்தும். டோலக் காதில் விழாதவன் தாளத்தில் எப்படி நிற்பான்? பாட்டு தள்ளாடும். இறங்கி வந்து, "மைக் சரியில்லண்ணா" என்பான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவனுக்கு டோலக் அடிக்கிறவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர், அனுபவஸ்தர். முன்பு அவர் ஒரு தட்டு தட்டினால் பையன் திரும்பிப் பார்ப்பான். இப்போது அவர் சத்தமே கேட்கக் கூடாது என்று குறைத்து வைத்திருக்கிறான்.

அந்த இடத்துக்கு வேறு யார் வருகிறார்கள் என்றால், ஒரு பாட்டு ஓடிய மறுநாளே சேருகிற நாலு பேர்தான். வண்டி ஓட்ட ஒருத்தன், போன் எடுக்க ஒருத்தன், வீடியோ பிடிக்க ஒருத்தன். நாலாவது ஆளுக்கு "தல, வேற லெவல்" என்று சொல்வது மட்டும்தான் வேலை. இவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒரே தெருவில் கூடவே வளர்ந்த பசங்களாகவும் இருப்பார்கள். ஆனால் அந்தக் காரில் அவர்களுக்கு இடம் இருப்பது இவன் பெரிய ஆளாக இருக்கும் வரைதான். அவர்கள் எப்படி "ரெண்டாவது சரணத்துல சொதப்பிட்ட மச்சி" என்று வாய் திறப்பார்கள்? முன்பு இதே பசங்கதான் கேரம் போர்டைச் சுற்றி நின்றுகொண்டு அவனைக் கலாய்த்துத் தள்ளியிருப்பார்கள். மேல் சுருதியில் கத்தினால், "இன்னாடா, குக்கர் விசில் உட்டுச்சா?" என்று கேட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் விமர்சனம் என்று தனியாக ஒன்று கிடையாது, கலாய்ப்பதுதான் விமர்சனம். அதில் பாதி கிண்டல் என்றாலும் மீதிப் பாதி உண்மை. அந்தக் கலாய்ப்பு நின்ற நாளை நினைவுபடுத்திப் பாருங்கள். வீட்டில் அவன் எரிந்து விழ ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான் என்பேன்.

பட்டம் கொடுப்பவர்கள் கதை தனி. கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்களில் நல்லவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேடையில் பெரிய பொன்னாடை, ஆளுயர மாலை, 'கானா' என்று ஆரம்பித்து மூச்சு முட்டுகிற அளவுக்கு ஒரு பட்டம் என்று போட்டால், இறங்கின பிறகு பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். பட்டம் வாங்கினவன் பாக்கியைக் கேட்கக் கூச்சப்படுவான். அவ்வளவு பேர் முன்னால் புகழ்ந்தவரிடம் போய்க் காசு கேட்பதா என்று நினைப்பான். அந்தப் பொன்னாடையை அடுத்த வாரம் வேறொருவருக்குப் போர்த்துவார்கள், அது பொன்னாடையின் தலையெழுத்து. ஆக, மிதமிஞ்சிய புகழ்ச்சியில் பாதி அன்பில்லை, கணக்கு. உங்கள் பையனுக்கு இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, நிஜமான பாராட்டுக்கு வருவோம். மனசாரப் புகழ்ந்தாலும் கெடுதல் உண்டா? உண்டு, ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பகுதியினரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், இன்னொரு பகுதியினரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அப்புறம் கஷ்டமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு பழைய அளவிலேயே எளிய புதிர்கள் கொடுத்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்குப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். கடைசியில் வேறொரு பள்ளிப் பிள்ளைகளுக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கினவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் எழுதினார்கள். யாரோ தெரியாத பிள்ளைக்குக்கூட.

அந்தப் பொய்யில் நீங்கள் தலைக்கனத்தைப் பார்க்கலாம். எனக்குத் தெரிவது பயம். கொடுத்த பேர் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

ஓவியத்தை வைத்தும் இப்படி ஒரு சோதனை நடந்தது. நெதர்லாந்தில் எடி புரூமெல்மன் குழுவினர் 2014-ல் வெளியிட்டது. வான் கோ என்ற ஓவியரின் ரோஜாப் படம் ஒன்றைப் பார்த்து வரையும்படி பிள்ளைகளிடம் சொல்லி, வரைந்து முடித்ததும் ஒரு ஓவியர் எழுதியதாக ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். சிலருக்கு "அழகாக வரைந்திருக்கிறாய்", சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்", சிலருக்குப் பாராட்டே இல்லை. அடுத்து எளிதான படம் வேண்டுமா, கடினமான படம் வேண்டுமா என்று கேட்டார்கள். தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகள் அந்த 'நம்பவே முடியாத' பாராட்டு கிடைத்ததும் எளிதான படத்தின் பக்கம் ஒதுங்கினார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அதே பாராட்டு கடினமானதை எடுக்கத் தெம்பு கொடுத்தது. நாம் என்ன செய்கிறோம்? தயங்குகிற பிள்ளையைத்தான் தூக்கி வைத்துப் புகழ்கிறோம், தைரியம் வரட்டும் என்று. அவனுக்குத்தான் அது பாரமாகிறது.

பெற்றவர்களைப் பற்றியும் புரூமெல்மன் குழுவினர் பார்த்தார்கள். 7 முதல் 12 வயது வரை உள்ள 565 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஒன்றரை வருஷம் தொடர்ந்து கவனித்து 2015-ல் எழுதினார்கள். "என் பிள்ளை மற்ற எல்லாரையும்விட உசத்தி" என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தற்பெருமை வளர்ந்தது. பிரியமாக நடத்தின பெற்றோரின் பிள்ளைகளிடம் தன்மதிப்பு வளர்ந்தது. பிரியம் காட்டியதால் யாருக்கும் தலை வீங்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், "பாராட்டாம இருந்தா அடங்குவானா" என்று நீங்கள் கேட்டதுதான். பாராட்டை நிறுத்தப் போய்ப் பிரியத்தையும் சேர்த்து நிறுத்திவிடப் போகிறீர்கள், ஜாக்கிரதை.

உங்கள் பையனிடம் இருப்பது ஒரே ஒரு ஓடின பாட்டு. அது ஏன் ஓடியது என்று அவனுக்கே தெரியாது, யாருக்குமே தெரியாது. அடுத்த பாட்டு ஓடாவிட்டால்? வாத்தியார் வீட்டுக்குப் போனால் அவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு, ஆனா அந்த இடத்துல தாளம் ஓடுது" என்பார். ஊர் முழுக்க 'வேற லெவல்' என்று புகழ்ந்த பாட்டுக்கு இப்படி ஒரு வாக்கியம் வந்தால் தாங்குமா? போகாமல் இருப்பதே பத்திரம் என்று நினைக்கிறான். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது திமிராகத் தெரிகிறது.

பாராட்டே இல்லாத இடத்தில் கர்வம் இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். சத்தம் கூடாது. வீணையே மெல்லிய நாதம், அதில் 'பேஷ்', 'சபாஷ்' எல்லாம் போட்டால் என்ன கேட்கும்? அவ்வளவு பெரிய கலைஞர் கைதட்டல் இல்லாமலேதான் வாசித்தார். ஆனால் அடக்கமானவரா என்றால், இல்லை. யாருக்கும் வளைந்து கொடுக்காதவர், மற்றவர் சங்கீதத்தைப் பற்றிக் கூர்மையாகப் பேசுகிறவர் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தக் கர்வம் வீணையின் தரத்தைக் காப்பதற்காக இருந்தது என்பது என் எண்ணம். பேனரில் படம் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொள்கிற கர்வத்தோடு அதை ஒன்றாக வைக்க முடியாது.

இதற்கு நேர் எதிராக, தலைக்கு மேல் புகழ் கொட்டப்பட்டவர் அந்தக் காலத்துப் பாட்டு நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்' படம் நம்ம பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பது எல்லாரும் அறிந்தது. பலர் கவனிக்காதது, அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தார் என்பது. அதே பிராட்வே சாலையின் கோடியில் இருக்கிற உயர் நீதிமன்றத்தில் 1945-ல் விசாரணை. தியேட்டரில் கூட்டம் அவர் பாட்டுக்கு உருகுகிறது, கூப்பிடு தூரத்தில் அவர் கூண்டில் நிற்கிறார். 1947-ல் விடுதலையாகி வந்த பிறகு நடித்த படங்கள் எதுவும் பழைய மாதிரி ஓடவில்லை. 1959-ல் 49 வயதில் இறந்துபோனார். அவரை ஆணவக்காரர் என்று சொன்னவர்களை நான் படித்ததில்லை, கொடையாளி என்றுதான் சொல்கிறார்கள். அவ்வளவு புகழ்ந்தும் தலைக்கனம் வராத மனுஷன் இருந்திருக்கிறார். ஆனால் புகழ்ந்த ஜனம் போனபோது அவரைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம், அறிவுரையாக இல்லாமல் சும்மா கதையாக. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பாகவதர் யார் என்றே தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்போது நீங்கள் விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். திமிர் என்று நீங்கள் சொல்வதில் எவ்வளவு நிஜமாகவே திமிர்? மயிலாப்பூர் சபாவில் பாடுகிற பிள்ளை "எனக்கு இந்தச் சுருதிப் பெட்டி சரிவராது, மாற்றுங்கள்" என்றால் விஷயம் தெரிந்த பிள்ளை என்பார்கள். வியாசர்பாடிப் பையன் அதையே சொன்னால் கொழுப்பு என்பார்கள். கானாவை வெகுகாலம் சங்கீதக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் நாம். சாவுப் பாட்டு, ரவுடிப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். புளியந்தோப்பிலிருந்து வந்த கானா பாலா வக்கீலுக்குப் படித்தவர். 2012-ல் 'அட்டகத்தி' படப் பாட்டுகள் வந்த பிறகுதான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது, கோட் போட்டுக்கொண்டு கானா பாடியதே ஒரு செய்தியாக இருந்தது. அதில் பாடிய இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பாடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! இவர்களுக்கெல்லாம் பாராட்டு அதிகமாகவில்லை, தாமதமாக வந்தது. தலை நிமிர்ந்து நடக்கிறவனையும் தலை வீங்கினவனையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தன்னைவிடச் சின்ன ஆட்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பாருங்கள். கேபிள் சுற்றுகிற பையனிடம், டீ கொண்டுவருகிறவரிடம், புதிதாகப் பாட வந்தவனிடம். அங்கே ஒழுங்காக இருந்தால், கச்சேரி நடத்துகிறவரிடம் சண்டை போட்டால்கூட நான் கவலைப்பட மாட்டேன். இன்னொன்று, புதுப் பாட்டு எழுதுகிறானா, இல்லை ஓடிய பாட்டின் மெட்டிலேயே வார்த்தையை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறானா என்று பாருங்கள். பயம் வந்தவன் பழைய மெட்டை விடமாட்டான். அதைவிட மோசம், லைக் குறைகிறதே என்று கெட்ட வார்த்தைப் பாட்டுக்குத் தாவுவது.

கடைசியாக அவன் எப்போது மரண கானா பாடினான் என்று கேளுங்கள். பேனர் வந்த பிறகு பல பசங்கள் சாவு வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், இமேஜ் போய்விடுமாம். எனக்கு அதில்தான் வருத்தம். கானாவுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. ராத்திரி முழுக்க உடலுக்கு எதிரில் உட்கார்ந்து பாட வேண்டும். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டு ஆட்களிடம் விசாரிக்க வேண்டும்: செத்தவர் பேர் என்ன, என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் எத்தனை, எந்தக் கடையில் டீ குடிப்பார், யாரோடு சண்டை, யார் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டது. அதையெல்லாம் அந்த இடத்திலேயே பாட்டில் கட்ட வேண்டும். விசில் அடிக்கிற வாலிபர்கள் அங்கேயும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் பாட்டைக் கேட்டு உடைந்து அழுதால்தான் பாட்டு சரி, பேரைத் தப்பாகச் சொன்னால் அந்த நிமிஷமே நாலு பேர் திருத்துவார்கள். மார்ச்சுவரியில் வேலை பார்த்தவரோ மீன் ஏலம் விட்டவரோ, அன்றைக்குப் புகழ வேண்டியவர் படுத்திருக்கிறவர்தான். பாடுகிறவன் யார் என்று யாருக்கும் அக்கறை இல்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து பாடுகிறவனுக்கு வெளியில் எவ்வளவு மாலை போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நான் நம்புகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது சிலது உண்டு. பாராட்டுங்கள், ஆனால் எதைப் பாராட்டுகிறீர்கள் என்று சொல்லிப் பாராட்டுங்கள். "சூப்பரா பாடினடா" என்பதில் அவனுக்கு ஒன்றும் இல்லை. "அம்மாவைப் பத்தி வர்ற அந்த ரெண்டாவது அடில குரல இறக்கினியே, அது நல்லாருந்துச்சு" என்றால், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அப்படிக் கேட்டவர் சொல்கிற குறையையும் அவன் ஒரு நாள் கேட்பான். மற்றவர்கள் முன்னால் திட்டாதீர்கள், அந்த நாலு பேர் முன்னால் நிச்சயமாகத் திட்டாதீர்கள். அவன் இன்னும் அவர்கள் பக்கம் ஒட்டிக்கொள்வான். அவனோடு போட்டி போடுகிற இன்னொரு பாடகனை உயர்த்திப் பேசி இவனை அடக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். நம் வீடுகளில் இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, பலன் மட்டும் தலைகீழாகத்தான் வரும்.

காசு விஷயத்தை வீட்டில் ஒருவர் கையில் எடுங்கள். பட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒவ்வொரு கச்சேரிக்கும் பேசினது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டுப் போடுங்கள். டோலக்காரருக்கும் கீபோர்டுக்காரருக்கும் அன்றே கொடுத்தானா என்றும் அதில் எழுதுங்கள். நாலு கச்சேரி கழித்து அவனிடமே காட்டுங்கள். யார் நிஜமாக மதிக்கிறார்கள் என்று கணக்கே சொல்லும்.

வாத்தியார் விஷயத்தில் பையனை அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் போங்கள். ஒரு கிலோ ஸ்வீட்டும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போய், அவர் கோபமாக இருக்கிறாரா, மனசு உடைந்திருக்கிறாரா என்று பாருங்கள். சில வாத்தியார்களுக்கும் தங்கள் பையன் தங்களைவிடப் பெரிய ஆளானது உறுத்தும், அதுவும் நடக்கிறதுதான். அப்படி இருந்தால் அவரை விட்டுவிட்டு, அந்த டோலக் பெரியவரையோ வேறு மூத்த பாடகரையோ பிடியுங்கள். இல்லை, பிரியமாகத்தான் இருக்கிறார் என்றால், அடுத்த கச்சேரிக்கு அவரையே டோலக் அடிக்கக் கூப்பிடச் சொல்லிப் பையனிடம் கேளுங்கள். மானிட்டரில் அவர் சத்தத்தைக் குறைக்காமல் வைக்கிறது என் மாதிரி ஆட்கள் பொறுப்பு.